பன்னிரண்டு நிமிடக் கதவு

உங்கள் வாசலிலிருந்து இந்த மேசைக்கு வந்து சேர நான் மூன்று நோட்டுகளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, ஐயா. ஒன்று போதும். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், தொழில் புத்தி. எங்கே போனாலும் நேரம் எங்கே வீணாகிறது என்றுதான் முதலில் கண் போகும். அந்தக் குளிர்க் கிடங்கில் ஒன்பது வருஷமாக எனக்கு அதுதான் வேலை.

வேலைக்குப் பெயர் கேப் அனாலிசிஸ். பெயர்தான் பெரிது. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவேன். முதல் கட்டத்தில், ஒரு வேலை இன்றைக்கு எப்படி நடக்கிறது என்று எழுதுவேன். கடைசிக் கட்டத்தில், அது எப்படி நடக்க வேண்டும். நடுவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி. அதை அடைப்பதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் திட்டம். கிடங்கில் எனக்கு 'கேப் சார்' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள். முதலில் சுருக்கென்றிருந்தது, பிறகு பழகிப்போயிற்று.

அங்கே எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். பெரிய குளிர் அறையில் பெட்டிகளைச் சரிபார்ப்பவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் அவர்கள் இரண்டு பேரும்தான். நன்றி மறந்தவன் என்று யாராவது என்னைச் சொன்னால், தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

முப்பது வருஷம் கம்ப்ரஸர் இரைச்சலில் நின்று நின்று அத்தானுக்குக் காது போய்விட்டது. வீட்டில் அக்கா தொண்டை கிழியக் கத்துவாள். கிடங்கில் மட்டும் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவார். புரியாவிட்டால் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பால் அவருக்கு நல்ல மனுஷன் என்ற பெயரும் கிடைத்திருந்தது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், ஆபீஸ்ல மூச்சு விட்றாத. காது கேக்கலன்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சின்னவ படிப்பு இன்னும் முடியல."

"என் வாயிலேர்ந்து வராது அத்தான்" என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

இதற்குப் பிறகுதான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெரிய அறையைச் சாயங்காலம் மூட இருபத்தாறு நிமிடம் ஆகிறது, பன்னிரண்டில் முடிய வேண்டும். கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் குளிர் வெளியே போகிறது, ஓரத்துப் பெட்டிகளில் மீன் இளகுகிறது. யார் இதைச் செய்து காட்டுகிறாரோ, அவர் பொறுப்பில் ஆறு கிடங்கையும் விடுவதாகப் பேச்சு. எனக்கு ஆசை இருந்தது. ஆசைப்படாத மனுஷன் யார்.

மூன்று வாரம் நிறுத்துக் கடிகாரத்தோடு கதவடியில் நின்றேன். அங்கே ஒரு பழைய வழக்கம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை வில்லையை வெளியே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியாகாமல் கதவுக்காரர் மூட மாட்டார். ஆனால் நம் ஆட்கள் போகும்போது மாட்டுவார்களே தவிர, வரும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். கதவுக்காரர் அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீன், கழிப்பறை, லாரி நிறுத்துமிடம் என்று ஆளைத் தேடி அலைவார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. நான் பார்த்த நாட்களில் பலகையில் தங்கிய வில்லை நாற்பத்தொன்று. நாற்பது பேர் வெளியேதான் இருந்தார்கள். அந்த இன்னொருவர் அத்தான்தான். கடைசி வரிசையில் நின்று பெட்டி எண்களை எழுதிக்கொண்டிருந்தார். கதவுக்காரர் போய்த் தோளைத் தொட்டு அழைத்து வந்தார்.

வில்லை வழக்கத்தையே எடுத்துவிட்டால் பதினான்கு நிமிடம் மிச்சம். அதற்குப் பதில், கதவுக்காரர் வாசலில் நின்று மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார், பதில் வராவிட்டால் மூடுவார். இதுதான் என் திட்டம்.

கதவுக்காரர் வயதில் பெரியவர், கொஞ்சம் இழுத்தார். "சார், வில்லைன்னா கண்ணால பாத்துக்கலாம். கூப்பிடுறது உள்ள இருக்கறவனுக்குக் கேக்கலேன்னா?"

"ஏன், அங்க செவிடங்களா வேலை பாக்குறாங்க?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது எனக்கு அத்தான் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா.

அதே தாளில் வேறு இடைவெளிகளும் இருந்தன. கதவைத் திறக்க உட்புறம் ஒரு கைப்பிடி உண்டு, ஐஸ் பிடித்து மாதக்கணக்காக அசையவில்லை. அதைச் சரிசெய்தால் ஒரு நிமிடம்கூடக் குறையாது, அதனால் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினேன். கதவு மூடியதும் உள்ளே விளக்கு தானாக அணைவதும் என் யோசனைதான்.

அத்தானை எச்சரிக்காமல் இல்லை. முதல் நாளே, "நாலு மணிக்கு முன்னாடி வெளிய வந்துருங்க அத்தான், நாளையிலேர்ந்து வில்லை கிடையாது" என்றேன். படியிறங்கிக்கொண்டே சொன்னேன், அவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். சிரித்தார்.

மறுநாள் வாரக் கடைசி. மூடினால் இரண்டு நாள் கழித்துத்தான் திறப்பார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கதவுக்காரர் மூன்று முறை கூப்பிட்டார், நன்றாகத்தான் கூப்பிட்டார். மூடிச் சாவியை என்னிடம் தந்தார். பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. வந்தவர்கள் கைதட்டினார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் சுவரில் இருந்த என் அட்டவணைப் பக்கம் நகர்ந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கனத்த கதவு அது, தலையணையை அடிப்பது போலத்தான் கேட்கும்.

கதவுக்காரர் பக்கத்தில் வந்தார். "சார், உள்ள யாரோ தட்டுறாங்க."

"கம்ப்ரஸர்" என்றேன்.

"இல்ல சார், இது வேற சத்தம்."

"முப்பது வருஷ மெஷின் அப்படித்தான் இருக்கும். நீங்க கிளம்புங்க." அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு போய்விட்டார். பிள்ளைகுட்டிக்காரர், என் பேச்சை மீறி என்ன செய்வார்.

திறந்திருக்கலாம். திறந்தால் பதினொன்று நாற்பது போய்விடும். விருந்தாளிகள் கிளம்பட்டும் என்று நினைத்தேன். அவர்கள் பேசிப் பேசி ஐந்தரை ஆக்கிவிட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்து கதவில் காதை வைத்தேன். தட்டல் இருந்தது, நிதானமாக, விட்டு விட்டு. பூட்டில் சாவியைக்கூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் யோசித்தேன். நேரம் கெட்ட நேரத்தில் கதவு திறந்தால் அது கம்ப்யூட்டரில் பதிவாகும். ஏன் திறந்தாய் என்பார்கள். உள்ளே யார் என்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் ஏன் வரவில்லை என்பார்கள். காது விஷயம் வெளியே வந்துவிடும், அவர் வேலை போய்விடும். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் நஷ்டம் அவருக்குத்தான். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பதினைந்து நிமிட நடை.

ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, அத்தான் இன்னும் வரலடா. போனையும் வீட்லயே வெச்சுட்டுப் போயிருக்காரு. அங்கதான் இருக்காரா?"

"இருக்காருக்கா. ஓவர்டைம்."

"அப்பாடா. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிட்டுத்தான் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவளே கிடங்கு வாசலில் வந்து நின்றுவிட்டாள். நான்தான் திறந்தேன். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கைகளைப் பற்றி உங்கள் டாக்டர் எழுதியிருப்பார். ஒன்பது மணிவரை உயிர் இருந்திருக்கும் என்று அவர் சொன்னாராம். ஐந்தரைக்கு எனக்குத் தெரியும். ஏழுக்கும் தெரியும். சாவி என் பையில் இருந்தது. நான் திறக்கவில்லை.

விபத்து அறிக்கையில், கதவுக்காரர் சரியாகக் கூப்பிடவில்லை என்று எழுதியவனும் நான்தான். அடுத்த அறையில் அவரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் சொன்னதெல்லாம் உண்மை, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அக்கா வெளியே பெஞ்சில் இருக்கிறாளாம், என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். கோபம் நியாயம்தான். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், ஐயா. அத்தானுக்குக் காது கேட்காது என்று கிடங்கில் கடைசி வரை ஒருவருக்கும் தெரியாது. அவருக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறவில்லை.