துவக்கு வெளியே, ஆள் உள்ளே

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

ஷெல் வருகிறது. முதலில் தூரத்தில் ஒரு குத்து, அதை ஏவுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே கூவல். மேற்கிலிருந்து சனம் ஓடி வருகிறது. சைக்கிளில் அரிசி மூட்டை. மூட்டைக்கு மேலே ஒரு குழந்தை. செருப்பில்லாத கால்கள்.

"குத்திட்டான்! குத்திட்டான்! விழுந்து படுங்கோ!"

படுக்கிறேன். வாயெல்லாம் மண். கோயில் வளவில் விழுந்தது. ஓடு சிதறுகிற சத்தம். பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம்.

போரின் கடைசி வருடம். தை மாதம். செவ்வாய்க்கிழமை. வெயில் இன்னும் ஏறவில்லை. மேலே வண்டு சுற்றுகிறது. ஆளில்லாத சின்ன விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது இரைந்தால் பின்னால் ஷெல் வரும்.

சனம் கடற்கரைப் பக்கம் ஓடியது. நாங்கள் ஓடவில்லை. அப்பா மாட்டேன் என்றார். "ஒருக்கா லொறி ஏறுனேன். போதும்" என்றார்.

எங்கள் பங்கர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பாலை மரத்துக்குப் பக்கத்தில். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டிருந்தோம். எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா அதைப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அளவாக வெட்டினார். ரோட்டில் போகிற யாரும் வரலாம். துவக்கு, அதாவது துப்பாக்கி, தூக்கினவர்களும் வரலாம். சட்டம் ஒன்றுதான். துவக்கு வெளியே, ஆள் உள்ளே.

அந்தச் சட்டத்தைப் பற்றி, நான் இப்போது இருக்கிற லண்டனில் பலரும் பேசிவிட்டார்கள். இனி நான் சொல்கிறேன்.

அப்பா பெயர் கருப்பையா. மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் துரை வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அப்பாவும் நின்றார். அவருடைய அப்பாவும் நின்றார். இனக்கலவரத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அப்பாவும் மற்றவர்களும் லொறி ஏறி வடக்கே வன்னிக்கு வந்தார்கள். காட்டு ஓரத்தில் ஆளுக்கு மூன்று ஏக்கர். எல்லாம் மரம். யானை. காய்ச்சல். அதற்கு அப்பால் ஊர் கிடையாது. அங்கே முதல் கோடரி போட்டவர்களில் அப்பா ஒருவர்.

கிணறு வெட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். குவேக்கர் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர். மதம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தின் கீழே சும்மா உட்கார்ந்திருப்பார். பாட்டு இல்லை. பூசை இல்லை. ஒரு நாள் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். எல்லோரும் எழுந்து துண்டை எடுத்தார்கள். வெள்ளைக்காரர் தொப்பியை எடுக்கவில்லை. கடவுளுக்கு எடுப்பேன், மனிதனுக்கு எடுக்கமாட்டேன், எங்கள் சபையில் பழைய வழக்கம் என்று சிரித்துக்கொண்டு சொன்னாராம். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். துவக்கு தொடக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது, எல்லாம் பிறகு வந்தது. முதலில் பிடித்தது அந்தத் தொப்பிதான்.

வெள்ளைக்காரர் போய்விட்டார். அப்பா உட்காருவதை விடவில்லை. அம்மாவும் உட்கார்ந்தாள். பிறகு நாங்கள். ஊரில் அதற்கு ஊமைக்கோயில் என்று பெயர்.

"என்ன கருப்பையா, ஊமைச்சாமி இண்டைக்கு என்ன சொன்னார்?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள்.

"சொன்னாரு. நீங்க போட்ட சத்தத்துல கேக்கல" என்பார் அப்பா.

இராணுவச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் துண்டை எடு என்றான். அப்பா எடுக்கவில்லை. ஒரு பல் போனது. போராளிகளின் இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டு வந்தது. மண் வெட்ட நான் வருகிறேன், துவக்குப் பிடிக்க யாரையும் தரமாட்டேன் என்றார். துண்டை எடுத்துவிட்டுக் கதையும் என்றார்கள். அவர்களுக்கும் எடுக்கவில்லை. இன்னொரு பல் போனது. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒன்று என்று அம்மா சொல்லுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். இயக்கத்து ஆட்கள். ஒரு பெண். காலில் காயம். அவளைத் தோளில் தாங்கியபடி ஒரு ஆண். இரண்டு பேரிடமும் துவக்கு.

"ஐயா, உள்ளுக்கு இடமிருக்கோ?"

"இருக்கும்மா. துவக்க மட்டும் மரத்துல சாத்திட்டு வாங்க."

"ஆயுதத்தை விட ஏலாது ஐயா. எங்களுக்குத் தண்டனை தருவினம்" என்றாள்.

"உள்ள ஒங்களுக்கு எடமிருக்கு. அதுக்கு இல்ல."

அந்த ஆணுக்குக் கோபம் வந்தது. "ஷெல் அடிக்குது, இந்த நேரத்தில சட்டம் கதைக்கிறியள்! விசரோ உங்களுக்கு?" துவக்கை அப்பாவின் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். அப்பா வாசலை மறித்து நின்றார். தலையில் துண்டு.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "அவரு அப்படித்தான் தம்பி! கட்டுன நாள்லேருந்து நானே சொல்லிப் பாத்துட்டேன்! வச்சிட்டு வா, அந்தப் புள்ளைக்கு ரெத்தம் போவுது!"

பெண்தான் முதலில் சாத்தினாள். பிறகு அவன். அப்பா விலகி வழி விட்டார். தங்கை ராணி தன் சேலையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். கொடுத்தோம்.

வெளியே எங்கள் கன்று கத்தியது. கட்டையில் கட்டியபடி கிடந்தது. அவிழ்க்க ஓடினேன்.

"டேய்! போகாத! வந்துருடா!" அம்மாவின் குரல்.

கூவல் கேட்கவில்லை. கிட்ட விழுகிற ஷெல் கூவாது. நிலம் எழும்பியது. நான் கன்றுக்கு மேலே கிடந்தேன். காதில் ஊய் என்று ஒரே சத்தம். திரும்பிப் பார்த்தேன். பனங்குற்றிகள் இல்லை. பங்கர் மூடியிருந்தது.

கையால் தோண்டினேன். உச்சி வெயில் வரை தோண்டினேன். யாரும் உயிரோடு இல்லை.

மரத்தில் சாத்திய துவக்குகள் சாத்தியபடி நின்றன. ஒரு கீறல் இல்லை.

இப்போது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறேன். தமிழ்க் கடையில் மரக்கறி அடுக்குகிறேன். ஞாயிறு காலையில் பஸ் எடுத்துக் குவேக்கர்களின் மண்டபத்துக்குப் போகிறேன். ஒரு மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். எனக்கு அது வசதி.

இங்கே சிலர் சேர்ந்து நினைவுப் புத்தகம் போடுகிறார்கள். இறந்தவர்களின் பெயரும், இறந்த விதமும். பொறுப்பாக இருப்பவர் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். அவருடைய மகனும் அந்த வருடம்தான் போனான். நல்ல மனிதர். கடைக்கே வந்தார். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் எழுதிக் கொடுத்ததை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, கோவிக்காதையும். இந்தத் துவக்குக் கதையை எடுத்துவிடும்."

"ஏன் மாஸ்டர்?"

"துவக்கு நிண்டது எண்டு நீரே எழுதிக் குடுத்தா ஷெல் அடிச்சவங்களுக்கு நல்ல வசதி. பாத்தியளோ, ஆயுதம் இருந்தது, அடிச்சம் எண்டு சொல்லுவாங்கள்."

"இருந்ததுதானே மாஸ்டர்."

"ஓம், இருந்தது. ஆர் இல்லையெண்டது? எழுத வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்." குரலைத் தாழ்த்தினார். "உங்கட ஊர்ச் சனம் என்ன கதைக்குது தெரியுமோ? உம்மட அப்பாவின்ர விசர்ச் சட்டத்தாலதான் குடும்பமே போச்சு எண்டு. துவக்கை உள்ளுக்கு எடுத்திருந்தா வண்டு கண்டிராதாம். அவருக்கும் அது மரியாதை இல்லை. மூண்டு பேரையும் பொதுமக்கள் எண்டு போடுவம். மற்ற ரெண்டு பேரும் போராளிகள். அவையள் வேற பட்டியல். விடமாட்டன் எண்டா இதைப் போட ஏலாது தம்பி."

தாளை அவர் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். "ஏலாது மாஸ்டர்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

வண்டு அந்தத் துவக்குகளைக் கண்டதா, தெரியாது. பாலை மரம் அடர்ந்த மரம். அன்று கோயில் வளவிலும் விழுந்தது. அங்கே துவக்கு இல்லை. ரோட்டிலும் விழுந்தது. அரிசி மூட்டைதான் இருந்தது. கண்டிருந்தாலும் கேட்கிறேன். மரத்தில் சாத்திய துவக்கைக் கண்டவன் பக்கத்தில் பங்கரைக் காணவில்லையா? பங்கருக்குள் யார் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? ஷெல்லை அப்பா அடிக்கவில்லை. அடித்தவன் அடித்தான். அந்தப் பழியை என் அப்பாவின் தலையில் வைக்க யாரையும் விடமாட்டேன். எங்கள் சனத்தையும் விடமாட்டேன்.

துவக்கை மறைத்து எழுதவும் மாட்டேன். அதை மறைத்தால் அப்பா ஏன் வாசலில் நின்றார்? யாரை மறித்தார்? இரண்டு பேர் ஏன் வெறுங்கையோடு செத்தார்கள்? அந்தப் பெண் தண்டனைக்குப் பயந்தும் துவக்கைச் சாத்தினாள். அதை யார் சொல்வது?

இதற்குச் சத்தியக்கடதாசி கேட்டால் தரமாட்டேன். சத்தியம் பண்ணின நாளில்தான் உண்மை என்றால் மற்ற நாளெல்லாம் பொய்யா என்று அப்பா கேட்பார். நடந்தது இதுதான். வேண்டுமானால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் நடந்தது இதுதான்.

போனவை. மூன்று ஏக்கர். அப்பா வெட்டிய கிணறு. வீடு. பசு ஒன்று. கன்று பிழைத்தது, வழியில் விட்டுவிட்டு வந்தேன்.

போனவர்கள். அப்பா கருப்பையா. அம்மா பாக்கியம். தங்கை ராணி. காலில் காயத்தோடு வந்த பெண், பெயர் கேட்கவில்லை. அவளைத் தாங்கி வந்த ஆண், அவன் பெயரும் கேட்கவில்லை.

மாஸ்டரின் புத்தகத்தில் மூன்று என்று வரலாம், வராமலும் போகலாம். எங்கள் வீட்டில் இறந்தவர்கள் ஐந்து பேர்.

2025 ஒக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. தோர்ண்டன் ஹீத்.