பதின்மூன்றாவது தாள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கண்கலங்கி அமர்ந்திருக்கும் சாரின் குடும்பத்தாரே, அவருடைய மாணவர்களே! வணக்கம். நான் பூட்டு பழுதுபார்ப்பவன். எட்டாவது தாண்டியதே கணக்கு ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டதால்தான். பேச்சில் பிழை வந்தால் நீங்களும் காதை மூடிக்கொள்ளுங்கள்.

வாசலில் உங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். துக்கம் தாங்காமல் நிற்கிறான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை ஐயா, நகத்தைப் பார்த்தேன்.

ஓவியர், செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த கலைஞர், முப்பத்தொரு வருட ஓவிய ஆசிரியர், விரலில் மை போகாததால் நாம் 'கருநகம் சார்' என்று அழைத்த அந்த மனிதரையே முதலில் சந்தேகப்பட்டவன் நான்! சாரின் வகுப்பிலிருந்து என் மகள் கறுத்த விரல்களோடு வந்தாள். படம் வரையப் போன பிள்ளைக்குக் கரி அள்ளும் வேலையா? பட்டறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து சாரின் குரல் வந்தது.

"பூட்டுக்காரரே, கதவு தொறந்துதானே இருக்கு? வந்து இந்தச் சக்கரத்தைச் சுத்துங்க."

அன்று பிடித்த அச்சு எந்திரச் சக்கரத்தைப் பதினொரு வருடம் விடவில்லை. அவர் தகட்டில் மை தடவித் துடைப்பார், தாளை வைப்பார், நான் சுற்றுவேன். ஒரு தகட்டுக்கு இருபதே தாள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போடுவார். இருபது முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஊசியால் கீறிவிடுவார்.

"பெத்த பிள்ளை மூஞ்சியில கோடு போடுறீங்களே சார்!"

"இருபதுன்னு சொல்லிட்டேன்யா. இன்னொண்ணு எடுத்தா அந்த இருபதும் பொய்யாயிடும்."

எத்தனை பேருக்கு வரும் அந்த நேர்மை!

கடைசித் தகட்டில் பன்னிரண்டு எடுத்தோம். மறுநாள் சார் இல்லை.

இப்போது என் பின்னால் தொங்கும் படத்தைப் பாருங்கள். அதே தகடு. மூலையில் என்ன எண்? பதின்மூன்று! நான் சுற்றாத சக்கரத்தைச் சுற்றியது யார்? கையெழுத்தும் இல்லை. காலையில் காட்சிக்கூட முதலாளி, இதோ மேடையில்தான் இருக்கிறார், "கையெழுத்துதானே, போட்டுக்கலாம் விடுங்க" என்றார். யார் போடுவது? அச்செடுத்தவர் நகத்தில் மை இருக்குமே, அதற்குத்தான் நகம் பார்த்தேன். முதலாளி நகம் சுத்தம். மேடை மொத்தமும் சுத்தம். கடைசியாக வந்த ஒரு கைதான் கறுப்பு. என் மகளின் கை!

"நீயா?"

"சார் கணக்குல இன்னும் எட்டு பாக்கிப்பா. தகடு அரைகுறையா கெடந்தா யார் வேணா எடுப்பாங்க. அதான் ஆரம்பிச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விசாரணைக் கமிஷன் வைப்பீங்க."

"கையெழுத்து?"

"அது சாரோடதுப்பா. நான் எப்படிப் போடுவேன்?"

ஊரையே சந்தேகப்பட்ட நான், அந்தக் கறுத்த கையைப் பிடித்தபடியே உள்ளே வந்தேன்.

பெரியோர்களே! மீதி ஏழையும் அவள் எடுப்பாள், நான் சுற்றுவேன். எட்டுத் தாளிலும் கையெழுத்து இடம் வெறுமையாகவே இருக்கும். இருபதாவது காய்ந்ததும், இதே மண்டபத்தில், உங்கள் கண் முன்னால் அவள் தகட்டைக் கீறுவாள். அதுவரை தகடு என் பூட்டுக்குள், சாவி அவளிடம். நான் பூட்டிய பூட்டின் சாவி என்னிடம் இல்லாதது இதுவே முதல் முறை.

அந்த வெறும் இடத்தருகே யாராவது பென்சிலோடு வந்தால், மறுபடியும் கையைப் பிடிப்பேன். லேசில் விடமாட்டேன்.