ஹேமலதா மிஸ் நின்ற இடத்தில் இன்று மூவர்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் வேலாயுதம் ஐயா அவர்களே, செயலாளர் சுஹேல் அகமது பாய் அவர்களே, திமிரியிலிருந்து வந்திருக்கும் மிஸ்ஸின் அண்ணன் மதியழகன் அவர்களே, முதல் வரிசையில் இசைத்தாளோடு காத்திருக்கும் மூன்று இசை நடத்துநர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, என் முதுகுக்குப் பின்னால் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும் நம் இளையோர் இசைக்குழுவின் நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜோதி. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி நாற்காலி என்னுடையது. குழுவின் சார்பாக ஒருவர் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள், அதனால். பேச்சுப் போட்டிக்கு நான் பேர் கொடுத்ததே இல்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உரையை நான் யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பது கேட்டு முடித்தால் உங்களுக்கே தெரியும்.

இது நம் இசைக்குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்திய ஹேமலதா மிஸ் அவர்களுக்கான இரங்கல் கூட்டம். இதே கூட்டத்தில் அடுத்த நடத்துநருக்கான தேர்வும் நடக்கப் போகிறது. இப்படி எந்த ஊரிலாவது நடக்குமா? நானும் செயலாளரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "என்ன செய்யறதும்மா? மூணு பேரும் தூரத்துலருந்து வர்றாங்க. ரெண்டு தடவ மண்டபம் கெடைக்காது. இந்த மாசம் கல்யாணம் ஜாஸ்தி." அவர் சொன்னதில் பொய் இல்லை. நேற்று நடந்த கல்யாணத்தின் பூ வளைவு இன்னும் வாசலில் நிற்கிறது. அதன் வழியாகத்தான் நீங்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்தீர்கள்.

உரைகள் முடிந்ததும் இந்த மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, மிஸ் எங்களுக்காக எழுதிய அந்தச் சின்ன இசையை நடத்துவார்கள். குழு யார் கையில் நன்றாக வாசிக்கிறதோ அவரே அடுத்த நடத்துநர். ஒருவரும் தேறாவிட்டால் இந்த வருடத்தோடு குழு இல்லை, வாத்தியங்கள் வேலூரில் ஒரு பள்ளிக்குப் போய்விடும். இதையும் செயலாளர் பெற்றோர்களிடம் சொல்லிவிட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

பெரியோர்களே! நீங்கள் ஹேமலதா மிஸ்ஸின் முதுகைப் பார்த்தவர்கள். நீல நிறச் சேலை, ஒற்றைப் பின்னல், உயர்ந்து தாழும் இரண்டு கைகள். நிகழ்ச்சி முடிந்து அவர் திரும்பிக் கும்பிடும்போது நீங்கள் கை தட்டுவீர்கள். அதற்குள் அவர் முகத்தில் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான். டிரம்ஸ் சரியாக வந்து விழுந்தால் ஒரு புருவம் மட்டும் ஏறும். கிளாரினெட் தப்பினால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். மெல்லிய இடம் வரும்போது, தூங்குகிற குழந்தையின் அறைக்குள் போகிறவர் மாதிரி மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த முகத்தை இனி யாருக்குக் காட்ட முடியும்? போட்டோவில் அது இல்லை. இதோ, மாலை போட்டு வைத்திருக்கும் படத்திலும் அது இல்லை. இது ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த படம்.

ஆமாம், அவருக்கு ஓர் ஆபீஸ் இருந்தது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். சனியும் ஞாயிறும் திமிரியிலிருந்து ஆற்காடு, ஆற்காட்டிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆம்பூர் என்று மூன்று பஸ் மாறி எங்களிடம் வந்தார். ஒரு தடவை கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் பயிற்சிக் கூடத்து வாசலில் அவரைக் கேட்டார்.

"இன்னா வேல பண்றீங்க மேடம் இங்க?"

"கண்டக்டர்."

"எந்த ரூட்டு?"

"இவங்க எங்க இட்டுக்கினு போறாங்களோ அந்த ரூட்டு" என்று எங்களைக் காட்டினார் மிஸ். டிரைவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். நாங்கள் வாரக் கணக்கில் சிரித்தோம்.

ஒரு வாரக் காய்ச்சல். அவ்வளவுதான். டெங்கு என்றார்கள். நாங்கள் வேன் பிடித்துத் திமிரிக்குப் போனபோது தெருவில் இருந்தவர்கள் எங்களை விநோதமாகப் பார்த்தார்கள். இத்தனை பிள்ளைகள் அழுதுகொண்டு ஏன் இந்த வீட்டுக்கு வருகிறார்கள்? பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்: "யாருமா நீங்கல்லாம்? சொந்தக்காரங்களா?"

"மிஸ்ஸோட ஆர்க்கெஸ்ட்ரா."

"மிஸ்ஸா? அது ஆபீஸ் வேலைக்கு இல்ல போகும்?" என்றார் அவர். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட, அதான் விஷயமா! சாயங்காலமானா மாடியில ஒண்டியா நின்னு கைய கைய ஆட்டிக்கினு இருக்கும். எதிர்ல யாரும் இருக்கமாட்டாங்க. பாட்டும் கேக்காது. நாங்க ஏதோ வேண்டுதல்னு நெனச்சிக்கினோம். கேட்டா சங்கடப்படும்னு கேக்கல."

பெரியோர்களே, நான் அன்றிலிருந்து அந்த மாடியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எங்களுக்கு வீட்டில் பயிற்சி என்றால் வயலினை எடுத்து வாசிப்போம். அம்மா திட்டுவார், பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள், ஆனாலும் ஒரு சத்தம் இருக்கும். நடத்துநர் எதை எடுத்து வாசிப்பார்? இத்தனை பேர் இருக்கும் குழுவில் ஒரு சின்னச் சத்தம்கூட எழுப்பாத ஒரே ஆள் அவர்தானே! நாங்கள் வாசித்தால்தான் அவர் இசைக் கலைஞர். வாசிக்காவிட்டால், காலி மாடியில் கையை ஆட்டும் ஒரு பெண். அந்தத் தெரு பார்த்தது அதைத்தான். எத்தனை வருடம் பார்த்திருக்கும்!

மிஸ்ஸும் தேர்வில் ஜெயித்து வந்தவர்தான். இங்கே இருக்கும் புதியவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அப்போது நான் குழுவில் இல்லை. பழைய அண்ணன்களும் அக்காக்களும் சொல்லிக் கேட்டதுதான். அவர்களுக்கு மிஸ்ஸைப் பிடிக்கவில்லை. வேறு ஒருவர் வர வேண்டும் என்று ஆசை. ஆகவே மிஸ் கையை உயர்த்தியதும், அவர் காட்டிய வேகத்தை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். அவர் கை முதல் தட்டில் இருந்தால் இவர்கள் மூன்றாவது தட்டில் இருந்தார்கள். கமிட்டி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிஸ் என்ன செய்தார் தெரியுமா? நிறுத்தவில்லை. கோபப்படவில்லை. இவர்களைத் துரத்தினார்! இவர்கள் ஓட ஓட அவர் கையும் ஓடியது. இவர்கள் இன்னும் வேகம் கூட்ட, அவர் அதற்கும் முன்னால் போய் நின்று "வாங்க, வாங்க" என்று கையை வீசினார். கடைசியில் ட்ரம்பெட்காரர்களுக்கு மூச்சு வாங்கி, ஒருவன் இருமி, எல்லாம் சரிந்து விழுந்தது. மண்டபமே சிரித்தது. மிஸ் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதுமா? தண்ணி குடிச்சிட்டு வாங்க. இப்ப என் முறை" என்றாராம். இரண்டாவது தடவை எல்லோரும் அவரைப் பார்த்து வாசித்தார்கள்.

இந்தக் கதையை நாங்கள் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம்! ஆனால் இதற்கு ஒரு மிச்சம் உண்டு. அது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். ஏற்றுமதி ஆர்டர் இருக்கும் மாதங்களில் அவர் வந்து என்னை அழைத்துப்போக நேரமாகும். கடைசிப் பிள்ளை போகும் வரை மிஸ் பயிற்சிக் கூடத்தைப் பூட்டமாட்டார். பெரும்பாலும் அந்தக் கடைசிப் பிள்ளை நான். படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். அதிகம் பேசமாட்டோம்.

"உங்க அப்பா இன்னிக்கும் ஓ.டி.யா?"

"ஆமா மிஸ். உங்களுக்கு பஸ் போய்டும் மிஸ், நீங்க கெளம்புங்க."

"போனா போகட்டும். வீட்ல யாரு தட்டு போட்டுக்கினு காத்துக்கினு இருக்காங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. பேச்சை மாற்ற, "மிஸ், நீங்க செலக்‌ஷன் அன்னிக்கு அவங்கள தொரத்துனீங்களாமே" என்று கேட்டேன். அவர் கூடத்துச் சாவியை விரலில் சுழற்றினார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு திரும்பிப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல தண்ணி பாட்டில் மூடிய தொறக்க முடியல ஜோதி. கை அப்படி நடுங்கிச்சு. பக்கத்துல இருந்த ஒருத்தர்கிட்ட குடுத்துத் தொறந்து வாங்கினேன்."

"பயமா மிஸ்?"

"பயம் இல்ல. கைய தூக்கிட்டு நிக்கறோம், ஒருத்தரும் நம்ம கூட இல்ல. அது எப்படி இருக்கும்னு சொன்னா புரியாது. நின்னாத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்தது. அதற்கு அடுத்த மாதமே எங்கள் ஒவ்வொருவரையும் அவர் நின்று நடத்தும் அந்த மரப்பலகை மேல் ஏறி நிற்க வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? என் முறை வந்தபோது நான் கையை உயர்த்தினேன். கையில் வயலின் இல்லை. அது இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கையை இறக்கினேன். ஒரு சத்தமும் வரவில்லை. நான் காட்டியது யாருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் யாரும் வேண்டும் என்று செய்யவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில், இவ்வளவு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, உலகத்தில் நான் மட்டும் இருப்பது போல இருந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதை யாரிடமும் காட்டாததற்குக் காரணம் இதுதான்.

போன வாரம் பயிற்சி முடிந்து, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நாங்கள் எல்லோரும் கூடிப் பேசினோம். யார் யார் என்று பெயர் சொல்லமாட்டேன். ட்ரம்பெட் வரிசையிலிருந்து ஒரு குரல் சொன்னது: "மிஸ் நின்ன எடத்துல வேற ஒருத்தர் வந்து நிப்பாங்களா? நிக்க வுட்டுடுவோமா? மூணு பேரையும் பேஜார் பண்ணிடலாம்."

"எப்படி?"

"பழைய அண்ணனுங்க பண்ண மாதிரிதான். வேகமா ஓட்டு. கையவே பாக்காத."

"குழுவ மூடிடுவேன்னு சொல்றாங்களே?"

"சும்மா மெரட்டறாங்க. யாரும் தேறலன்னா, கடைசியில நம்மளையே நடத்திக்கச் சொல்லுவாங்க. பாரு."

எல்லோரும் சரி என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த யோசனையைச் சொன்னவர் திமிரியில் மிஸ்ஸின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அழுததை நான் பார்த்தேன். ஆகவே பெற்றோர்களே, கமிட்டிப் பெரியவர்களே, தயவுசெய்து யாரையும் கோபிக்காதீர்கள். இது குறும்பு இல்லை. அவரை வேறு எப்படி வைத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நண்பர்களே! நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்னால் மேலே படிக்க முடியாது. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்வீர்கள். நாளை முதல் என் பக்கத்து நாற்காலி நகர்ந்துகொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த மூவரின் கைகளைப் பாருங்கள். ஒருவர் தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கிறார். ஒருவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் அக்கா வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவர்கள் மிஸ்ஸின் இடத்தைப் பறிக்க வந்தவர்களா? இவர்களுடைய ஊரிலும் ஒரு மாடி இருக்காதா? எதிரில் யாருமே இல்லாமல் இவர்களும் கையை ஆட்டியிருக்க மாட்டார்களா?

மிஸ்ஸால் துரத்த முடிந்தது. எல்லோராலும் முடியுமா? இவர்களில் ஒருவர் பாதியில் கையை இறக்கிவிட்டுப் போய்விட்டால், நாம் ஜெயித்தோம் என்று சொல்ல முடியுமா? மிஸ்ஸின் படத்துக்கு முன்னால், மிஸ்ஸே எழுதிய இசையை வைத்து, மிஸ்ஸுக்கு நடந்ததையே இன்னொருவருக்கு நாம் செய்வதா? முடியாது நண்பர்களே. என்னால் முடியாது.

எங்கள் ஹேமலதா மிஸ் அவர்களுக்கு நான் என்ன உறுதி சொல்லட்டும்? அவர் பணியை வாழையடி வாழையாகத் தொடர்வோம் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரியவள் இல்லை. குழு தொடருமா என்பதே எனக்குத் தெரியாது. நான் பொறுப்பு ஏற்கக்கூடியது ஒன்றே ஒன்றுக்குத்தான். அதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போகிறேன்.

நடத்துநர்களே, உங்களில் யார் முதலில் வருவீர்களோ தெரியாது. யாராக இருந்தாலும் தயங்காமல் வாருங்கள். பலகை மேல் ஏறிக் கையை உயர்த்துங்கள். இடது பக்கம் கடைசி நாற்காலியைப் பாருங்கள். மற்ற எல்லோரும் ஓடினாலும் சரி, எல்லோரும் வாசிக்காமல் இருந்தாலும் சரி, ஒரே ஒரு வயலின் உங்கள் கையைப் பார்த்து, நீங்கள் காட்டும் வேகத்தில் வாசிக்கும். கொஞ்சம் நடுங்கலாம். ஆனால் நிற்காது.