முதலாளியோட இடது காது

உங்க முயலுக்குப் பிடிவாதம்லாம் ஒண்ணும் இல்ல சார். மொதல்ல உக்காருங்க. மயக்கம் தெளிய இன்னும் அரை மணி நேரம் ஆகும், நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்குக் கால் வலிக்குது. பேரு என்ன சொன்னீங்க? முதலாளியா? சரிதான். ஃபைல்ல யாரோ வெறும் முயல்னு எழுதி வச்சிருக்காங்க, மாத்திடறேன்.

ஸ்கிரீன்ல பாருங்க. தலையில மூணு எடத்துல முடி மாதிரி ஊசி குத்தினேன்ல, அதுலேர்ந்து வர்றதுதான் இந்தக் கோடு. காதுல டிக் டிக்னு சத்தம் விடுவோம். அது உள்ள போய்ச் சேந்தா, கோடு மேடு மேடா ஏறி எறங்கும். இது வலது காது. சின்னச் சத்தத்துக்கே எந்திரிச்சு நிக்குது. இது இடது. தட்டையா கெடக்கா? சத்தத்த ஏத்திக்கிட்டே போனேன். கடைசியில, போனாப் போகுதுன்னு ஒரே ஒரு மேடு.

செவிடான்னு கேக்காதீங்க, அத நான் சொல்லக் கூடாது. சத்தம் நடுவுல எங்கயோ தடைபடுதுன்னு மட்டும்தான் இந்த மெஷினுக்குத் தெரியும். இந்த மாதிரி தொங்கு காதுக்காரங்களுக்கு அனேகமா சீழாத்தான் இருக்கும், செவிப்பறைக்குப் பின்னாடி. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு மருந்து குடுப்பாங்க.

வெளிய எப்படித் தெரியும் சார்? ஒழுகாது, நாறாது. முயல் வலியக் காட்டிக்கவே காட்டிக்காது. அது பாட்டுக்குத் தின்னும், அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்.

கூப்பிட்டு வராம எத்தன நாளு? நாலு மாசமா? ஒரு காதுதான் கேக்குதுன்னா, சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு அதுக்குப் புடிபடாது. உங்க மக ஹாஸ்டலுக்குப் போன கோவம்னு நெனச்சீங்களாக்கும். வர்றவங்க எல்லாருமே கோவம்னுதான் சொல்றாங்க. பதினோரு வருஷமா கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. ஒரு டீச்சரம்மா, முயல் தன்ன மதிக்கலன்னு மூணு மாசம் அதோட பேச்சையே நிறுத்திட்டாங்க. அதுக்கு அதுவும் தெரியல, பாவம்.

கூண்டுல போட்டுப் பூட்டி வச்சீங்களா? சரி, சரி, விடுங்க. வேணும்னேவா செஞ்சீங்க? இந்தாங்க, மேஜை தொடைக்கற பேப்பர்தான், ஆனா சுத்தமானது. கண்ணத் தொடச்சுக்கோங்க.

அடுத்த டெஸ்ட்டு ஆறு வாரம் கழிச்சு. நான் இருக்க மாட்டேன், வேற ஆளு எடுப்பாங்க. ரெண்டு மாசம் லீவு போட்டிருக்கேன். விசேஷம்லாம் இல்ல சார், எங்க அண்ணனப் பாக்கப் போறேன். ஆஸ்பத்திரியில இருக்காரு.

அண்ணி போனதுக்கப்புறம் எங்கூடத்தான் இருந்தாரு. ரெண்டு வருஷம். சாப்பிட வாங்கண்ணான்னா பதில் இருக்காது. ஏதாவது கேட்டா சிரிச்சு வைப்பாரு. பேப்பர விரிச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு. தங்கச்சி வீட்ல இருக்கறது அவருக்குக் கௌரவக் கொறைச்சல், அதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாருன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

ஒருநாள் சாவிய மறந்துட்டுப் போயிட்டேன். நல்ல மழை. முக்கால் மணி நேரம் கதவத் தட்டினேன் சார். ஜன்னல் வழியா அவர் முதுகு தெரியுது. பக்கம் பக்கமாத் திருப்பிக்கிட்டிருக்காரு. அப்புறம் தண்ணி குடிக்க எந்திரிச்சவரு, என்னப் பாத்துட்டு ஓடி வந்து தெறந்தாரு. சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு வாய்க்கு வந்தபடி பேசுனேன். இங்க இருக்கணும்னா மனுஷங்களோட மனுஷனா இருங்க, இல்லன்னா கெளம்புங்கன்னேன். கெளம்புங்கங்கறத மட்டும் தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினேன்.

மறுநாள் வேலை முடிஞ்சு போனா, ஆள் இல்ல. போர்வைய மடிச்சு வச்சிருந்தாரு. ஏழு மாசம் ஆச்சு. ஃபோன் பண்ணினா எடுக்கல. அவ்வளவு ரோஷமான்னு நானும் விட்டுட்டேன்.

போன வாரம், அண்ணன்கூட ஒரே ரூம்ல தங்கியிருக்கறவரு கூப்பிட்டாரு. தலை சுத்தி விழுந்துட்டாராம். டாக்டர் பாத்தா, ரெண்டு காதுலயும் சீழாம். வருஷக்கணக்கா இருந்திருக்காம்.

எம்மேல கோவமா இருக்காரான்னு அந்த ரூம்காரர்கிட்ட கேட்டேன். அப்படில்லாம் இல்லம்மா, தங்கச்சி கெளம்புங்கன்னு சொல்லிச்சு, கெளம்பிட்டேன்னு மட்டும்தான் சொன்னாரு, அதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்கன்னு அவருக்குத் தெரியாதுன்னாரு.

ரெண்டு மணிக்கு பஸ். ஃபோன்ல எங்க சார் பேசறது, நேர்லதான் போகணும்.