பாதி ரோட்டில் மாறிய சிக்னல்

வைட்ஃபீல்ட் போகும் மெட்ரோவில் என் எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் ஊன்றுகோல் வைத்திருந்தாள்.

“அந்த கேமராவுக்கு நான் மனுஷியே இல்லடி,” என்றாள் அவள்.

“என்னடி சொல்ற?”

“இன்ஜினியர் ட்ரெய்னிங்ல புது சிக்னல டெஸ்ட் பண்ணோம். ஆள் ரோட்ட தாண்டற வரைக்கும் கேமரா பாத்து வண்டிய நிறுத்தணும். மத்தவங்களுக்கு நிறுத்துச்சு. நான் கோல ஊனிட்டுப் பாதி ரோட்டுல இருக்கறப்பவே வண்டிக்குப் பச்சை போட்டுருச்சு.”

“சார்கிட்ட சொன்னியா?”

“பேட்ச்ல நான் ஒருத்திதான் இப்படி. ‘இவளால முடியல’ன்னு அனுப்பிட்டா?”

“அந்த சிக்னல நெஜ ரோட்டுல வெக்கப் போறாங்கல்ல?”

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு நடந்ததைப் போனில் தட்டி சாருக்கு அனுப்பினாள். இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் பதில் வந்தது.

“நாளைக்கு எல்லார் முன்னாடியும் மறுபடி நடந்து காட்டச் சொல்றாரு.”

“நல்லதுதானே?”

“எல்லாரும் என்னையே பாப்பாங்கடி. ஆனா ‘வரேன் சார்’னு போட்டுட்டேன்.”