பரிசுக் காரை நான்தான் ஓட்டி வந்தேன்

பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டபடி சரியே. வயது நாற்பத்தொன்று. பள்ளி வேன் ஓட்டுகிறேன். கிரிக்கெட் லீக்கில் இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவன் என் உடன்பிறந்த தம்பி. நான் கார் திருடியதாக லீக் நிர்வாகம் கொடுத்த புகாரின்பேரில் என்னை விசாரிக்க, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

இறுதி ஆட்டம் முடிந்து பரிசளிப்பு நடந்தது. தம்பியின் அணி தோற்றுவிட்டது. ஆனாலும் சீசன் முழுவதும் அதிக ரன் எடுத்தவன் என்பதால் விருது அவனுக்கு. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு மேடைமேல், சீசன் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வெள்ளைக் கார் நின்றது. மைக்கில் பேசியவர் அதைக் கைகாட்டி, "இந்தக் கார் இனிமே உங்களுக்குத்தான்!" என்று அறிவித்தார். அரங்கமே கேட்டது. ஆள் உயர அட்டைச் சாவி ஒன்றைத் தம்பி கையில் கொடுத்தார்கள். அதன் பிறகு குடும்பத்தாரைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். புகைப்படக்காரர் என்னிடம், "அக்கா, நீங்க ஸ்டீயரிங்ல உட்காருங்க, சும்மா ஓட்டுற மாதிரி" என்றார். சும்மா ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன். வண்டியை மேடையில் ஏற்றி இறக்கும் ஊழியர்கள் நிஜச் சாவியை அதிலேயே விட்டிருந்தார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் பரிசுப் பொறுப்பாளர் வந்து, "இறங்குங்க மேடம், இது காட்சிக்கு நிக்கிற வண்டி. உங்களுது பின்னாடி வரும்" என்றார். எப்போது என்று கேட்டேன். "வரும்போது வரும்" என்றார். போன வருடம் இதே விருது வாங்கிய வேகப்பந்து வீச்சாளர் பக்கத்தில்தான் நின்றார். அவரைப் பார்த்தேன். "எனக்கு இன்னும் அட்டைச் சாவிதான் அக்கா. ஹால்ல மாட்டி வச்சிருக்கேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலில் தையலோடு ஓடி ரன் எடுத்தவன் என் தம்பி. அவன் காதில் பூ சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க மாட்டேன்.

அதன் பிறகு கதவைச் சாத்தி, சீட் பெல்ட் போட்டு, பலகைச் சரிவில் வண்டியை இறக்கி, புல்லில் ஏற்றாமல் ஓரமாகவே ஓட்டி, ஆம்புலன்ஸ் போகும் வாசல் வழியாக வெளியே வந்தேன். முன்பக்கம் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்துக் காவலாளி சல்யூட் அடித்தார். பரிசுப் பொறுப்பாளர் பின்னால் ஓடிவந்தது கண்ணாடியில் தெரிந்தது. அந்த ஓட்டத்துக்கு விருது கிடையாது. நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, வாசலில் நிறுத்தி, சாவியை எழுத்தரிடம் கொடுத்தேன். புகார் அதற்குப் பிறகுதான் வந்தது. திருடுகிறவள் இங்கே கொண்டுவந்தா நிறுத்துவாள்?

அதன் பிறகு தம்பியோடு அவன் அணி மேலாளர் வந்து, தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று நான் எழுதிக்கொடுத்தால் லீக் நிர்வாகம் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளும் என்றும், இல்லையென்றால் அடுத்த சீசனில் தம்பிக்கு அணியில் இடமில்லை என்றும் சொன்னார். தம்பி, "அக்கா, எழுதிக் குடுத்துடேன். எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்" என்றான். பெற்ற பிள்ளை மாதிரி அவனை வளர்த்தவள் நான். ஆனாலும், "இன்னைக்கு இதை எழுதினா, நாளைக்கு உன் ரன்னும் ஏதோ குருட்டாம்போக்குல வந்ததும்பாங்க. நான் எழுத மாட்டேன்டா" என்றேன்.

தெரியாமல் என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லோருக்கும் நல்லது என்று ஆய்வாளரும் சொன்னார். சேர்க்கக் கூடாது. தெரிந்துதான் எடுத்தேன். ஊரறியக் கொடுத்ததைத்தான் எடுத்தேன். கொடுக்கவில்லை என்றால், அதே மைக்கில், அதே கூட்டத்தின் முன்னால் சொல்லட்டும். வண்டியை நானே கழுவிக் கொண்டுபோய் மேடையில் ஏற்றுகிறேன்.

இதற்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டபோது அணி மேலாளர் எழுந்து வெளியே போய்விட்டார். பெஞ்சில் இருந்த தம்பி கொஞ்ச நேரம் அவர் போன வாசலையே பார்த்தான். அதன் பிறகு மேசைக்கு வந்து, "பேனாவைக் குடுங்க சார்" என்றான்.

இவ்வளவும் என் வாயால் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொல்லாத ஒரு சொல்லும் இதில் இல்லை.

(ஒப்பம்) வாக்குமூலம் கொடுத்தவர்

(ஒப்பம்) சாட்சி: மேற்படியாரின் தம்பி