என் பெட்டிக்குள் தங்கை கணவர் வைத்த திரை

பெயர் தெசாங்கா வுகொமானொவிச், வயது ஐம்பத்தெட்டு, பல் மருத்துவர், நிஷ் நகரம் பந்தெலேய் பகுதியில் வசித்து வருகிறேன். விசாரித்ததில் சொல்வதாவது:

பழைய டி.வி. பெட்டிகளைச் சேகரித்து ஓட வைப்பது என் வழக்கம். என் தங்கை யகோதாவின் கணவர் ஸ்லவொல்யூப், தான் நடத்தும் கண்காட்சிக்கு என்னுடைய வால்வு டி.வி.யை இரவல் கேட்டு வாங்கிப் போனார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த டி.வி.

கண்காட்சி தொடங்கிய அன்று நான் போனபோது அவர் ஊர்ப் பிரமுகர்கள் முன்னால் அதைப் போட்டுக் காட்டினார். போட்ட கையோடு படம் வந்தது. வால்வு சூடேறாமல் படம் வராது. உருண்டிருக்க வேண்டிய மூலை நான்கும் வெட்டி வைத்ததுபோல் கூராக இருந்தன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் படம் நீலம் பூத்தது. அதன் பிறகு பின்பலகையில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்றிருந்தது. பிரமுகர்கள் அந்தக் காலத்துத் தரமே தனி என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் ராக்கியா சாராயம் குடிக்க வந்தவர்கள்.

அதன் பிறகு பின்பலகையைக் கழற்றினேன். சமையலறைத் தட்டு அளவில் ஒரு புதுத் திரை, அட்டை முட்டுக்கொடுத்து, பசைநாடா ஒட்டி நின்றது. என் பிக்சர் டியூப் எங்கே என்று கேட்டேன்.

"படம் பளிச்சுன்னு தெரியுதில்ல மதினி, அப்புறம் டியூப் எதுக்கு?" என்றார்.

மறுபடி கேட்டதற்கு, அதன் கழுத்தை உடைத்துக் குப்பையில் போட்டதாகச் சொன்னார். கழுத்து உடைந்து காற்றுப் புகுந்த டியூபை யாராலும் பிழைக்க வைக்க முடியாது. அவர் ஏழு வருடமாக எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர்.

நான் கத்தவில்லை. பசைநாடாவைப் பிய்த்து, ஓடிக்கொண்டிருந்த திரையை அப்படியே அவர் இரண்டு கையிலும் கொடுத்தேன். "பிடிங்க மாப்பிள்ளை, இது உங்க சாமான்" என்றேன். ஒயர் தொங்க, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அதில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது என் தங்கைதான். அதன் பிறகு பெட்டியை என் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காட்சிப் பொருளைத் திருடினேன் என்று அவர் கொடுத்த புகார் பொய். பெட்டி என்னுடையது. உள்ளே இருந்து நான் எதையும் எடுத்துவரவில்லை. எடுத்துவர அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, வாசிக்கக் கேட்டேன், அத்தனையும் உண்மை, மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) தெசாங்கா வுகொமானொவிச்